அட்வைசர் தேடும் பிள்ளைகளுக்கு

2013ல் ஸ்ரீசிட்டியில் ஐஐஐடி வந்தது. 2015ல் திருப்பதிக்கு ஐஐடியும் ஐசரும் வந்தன. கம்பெனி தொடங்க வேண்டுமென்றால் பெங்களூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏறியே ஆக வேண்டும் என்ற நிலை நம் பக்கத்தில் மெல்ல மாறிவருகிறது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்க வரும் பிள்ளைகளில் பலர் குரலை வைத்துத்தான் ஏதோ செய்கிறார்கள். விவசாயி போனில் கேட்டால் விலை சொல்லும் செயலி, வாயால் சொன்ன பால் கணக்கை எழுதிக்கொள்ளும் செயலி, இப்படி. காபி வருவதற்குள் கேள்வி வந்துவிடும்: "சார், பெரிய பேரா பார்த்து ஒருத்தரை அட்வைசரா போட்டா ஃபண்டிங் சுலபமா வருமாமே?" யாரை மனதில் வைத்துக் கேட்கிறார்கள் என்பதும் தெரியும். குரல் தொழில்நுட்பம், சித்தூர் ஜில்லா, இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் ராஜ் ரெட்டி பெயர்தான் வரும். சரி, அவரைப் போன்ற முன்னோடி ஒருவர் உங்கள் நாலு பேர் கம்பெனிக்கு ஆலோசகராக வரச் சம்மதித்துவிட்டார், மறுநாள் காலை என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். வெப்சைட்டில் போட்டோ போடுவோம் என்பார்கள். அதற்கு மேல் யாரிடமும் பதில் இல்லை. அதனால் எழுதிவைக்கிறேன்.

1. ஆளைச் சேர்ப்பதற்கு முன் அவர் வேலையைப் படியுங்கள். ராஜ் ரெட்டியையே எடுத்துக்கொள்வோம். 1937ல் சித்தூர் மாவட்டத்துக் காட்டூரில் விவசாயி வீட்டில் பிறந்தவர். அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958ல் சிவில் முடித்தார். ஆஸ்திரேலியாவில் மேற்படிப்பு, அங்கேயே ஐபிஎம்மில் வேலை, பிறகு ஸ்டான்ஃபோர்டில் ஜான் மெக்கார்த்தியிடம் 1966ல் டாக்டர் பட்டம். 1969ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகம். 1979ல் அங்கே தொடங்கிய ரோபாட்டிக்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் முதல் இயக்குநர். 1994ல் எட்வர்ட் ஃபைகன்பாமோடு சேர்ந்து டூரிங் விருது. இதெல்லாம் போட்டித் தேர்வுப் புத்தகத்திலேயே கிடைக்கும். உங்களுக்கு வேண்டிய சமாச்சாரம் வேறு. பேச்சைப் புரிந்துகொள்ள அவருடைய குழு கட்டிய ஹியர்சே என்ன ஆனது? அங்கேயே பிறந்த ஹார்ப்பி எப்படி ஜெயித்தது? ஜெயித்த பிறகும் பணம் ஏன் நின்றது? இவற்றைத் தெரிந்துகொள்ளாமல் போய் உட்கார்ந்தால் அவர் பழைய கதை சொல்வார், நீங்கள் தலையாட்டுவீர்கள், ஒரு மணி நேரம் கரைந்துவிடும்.

2. அட்வைசரோடு உட்கார்ந்து முதலில் செய்ய வேண்டியது, இலக்கை ஒரு தாளில் எழுதுவது. இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1971ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவு, பேச்சைப் புரிந்துகொள்ளும் கம்ப்யூட்டருக்காக ஐந்து வருஷத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆலன் நியூவெல் தலைமையிலான குழு இலக்கை எழுதியது. 1000 சொற்கள். இடைவெளி விடாமல் தொடர்ச்சியாகப் பேசும் பேச்சு. பொருள் தவறுவது பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இத்தோடு விட்டிருந்தால் அது வெறும் வாக்குறுதி. ஆனால் அவர்கள் எல்லைகளையும் சேர்த்தே எழுதினார்கள்: சத்தமில்லாத அறை, நல்ல மைக், ஒத்துழைக்கும் மனநிலையில் இருக்கும் ஆட்கள், கட்டுக்குள் வைத்த வாக்கிய அமைப்பு, ஒரே ஒரு துறை சார்ந்த பேச்சு. 1976ல் கார்னகி மெலனின் ஹார்ப்பி 1011 சொற்களோடு அந்த இலக்கைத் தொட்டது. தொட்டதா இல்லையா என்று அளந்து பார்க்க முடிந்தது. ஏனென்றால் தாள் இருந்தது.

இப்போது உங்கள் தாளை எழுதுங்கள். ஜூன் மாதம், சித்தூர் பக்கத்து மாங்கூழ் ஆலை வாசல். தோதாபுரி ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. 2025ல் விலை விழுந்தபோது கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்க வேண்டும், ஆலை 8 ரூபாய் கொடுக்கட்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. அந்த வரிசையில் நிற்கும் விவசாயி உங்கள் செயலியைத் திறந்து பேசுகிறார்: "ஃபேக்டரிக்காரன் எனிமிதின்றான், மிச்சம் நாலு அக்கவுண்டுல எப்போ படும்?" பின்னால் டிராக்டர் இன்ஜின் ஓடுகிறது. வாயில் வெற்றிலை. ஒரு எண் தெலுங்கில், இன்னொன்று தமிழில். இன்ஜின் சத்தத்தில் 'எனிமிதி' நழுவி உங்கள் மெஷின் 'தொம்மிதி' என்று எழுதிக்கொண்டால் எட்டு ரூபாய் ஒன்பது ஆகிவிடும். அந்த ஆள் மறுபடி உங்கள் செயலியைத் தொட மாட்டார். ஆகவே உங்கள் தாளில் முதலில் வர வேண்டியது எண்கள்: இரண்டு மொழியிலும், இன்ஜின் சத்தத்தில், நூற்றுக்கு எத்தனை தவறலாம். 'எல்லா இந்திய மொழிகளும்' என்ற வரியை உங்கள் பிட்ச் டெக்கில் பார்த்தால் அனுபவசாலி அங்கேயே மூடி வைத்துவிடுவார். வைக்கவும் வேண்டும்.

3. வெப்சைட்டில் அவர் போட்டோ போடுவதற்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

4. அவர் சொன்னதைச் செய்யாமல் இருக்கவும் உங்களுக்குத் துணிவு வேண்டும். அதைத் தாங்குகிற மனசு அவருக்கும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இந்தச் சம்பந்தம் வேண்டாம்.

ஹியர்சேயை ராஜ் ரெட்டியின் குழு கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே இடத்தில் ஜேம்ஸ் பேக்கர் என்ற மாணவர் வேறு வழியில் போனார். இலக்கணமும் ஒலியியல் விதிகளும் அறிந்த பல நிபுணர்கள் ஒரு கரும்பலகையைச் சுற்றி நின்று ஆளுக்கொரு ஊகம் எழுதுவது மாதிரியான அமைப்பு ஹியர்சே. பேக்கரின் டிராகன் அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, எந்த ஒலிக்குப் பின் எந்த ஒலி வரும் என்ற நிகழ்தகவுக் கணக்கை மட்டும் நம்பியது. புரூஸ் லோவர் என்ற இன்னொரு மாணவர் இரண்டையும் வைத்துக்கொண்டு, டிராகனின் வலைப்பின்னலில் தேறாத கிளைகளை அப்போதைக்கப்போது வெட்டிவிட்டு ஹார்ப்பியைச் செய்தார். ஜெயித்தது ஹார்ப்பிதான். தலைவரின் வழிக்கு எதிர்வழி தலைவரின் கூரைக்குக் கீழேயே வளர்ந்தது.

அடுத்த பத்தாண்டில் இன்னும் தெளிவாக நடந்தது. தைவானில் பிறந்த காய்-ஃபு லீ 1983ல் ராஜ் ரெட்டியிடம் மாணவராகச் சேர்ந்தார். நிபுணர் விதிகளை விட்டுவிட்டுப் புள்ளியியல் வழியில் போகிறேன் என்றார். எனக்கு அந்த வழியில் உடன்பாடு இல்லை, ஆனாலும் உன்னை ஆதரிக்கிறேன் என்ற பொருளில் ஆசிரியர் பதில் சொன்னதாக லீ பல இடங்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1988ல் லீயின் ஸ்ஃபிங்ஸ் வந்தது. யார் பேசினாலும், முன்கூட்டி அவர் குரலுக்குப் பழக்காமலேயே, சுமார் ஆயிரம் சொற்களைத் தொடர்பேச்சில் பிடித்தது. இந்தத் துறையின் போக்கையே அது மாற்றியது. உடன்பாடில்லாத வழிக்கு மெஷினும் நேரமும் கொடுத்த ஆசிரியர்தான் என் கணக்கில் பெரிய ஆள். டூரிங் விருதைவிட இதை நான் மேலே வைப்பேன்.

உங்களுக்கு வாய்க்கும் பெரியவர் இப்படித்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவருடைய பழைய மாணவர் ஒருவருக்குப் போன் போட்டு, அவரிடம் நீங்கள் கடைசியாக மறுத்துப் பேசியது எப்போது, பிறகு என்ன ஆனது என்று கேளுங்கள். எதிர்முனையில் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே பாதித் தகவல்.

5. "இதை நாங்கள் அப்போதே முயன்றோம், நடக்கவில்லை" என்று முன்னோடிகள் அடிக்கடி சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எதனால் நடக்கவில்லை என்பதைத் தோண்டிக் கேளுங்கள். ஹார்ப்பி ஒரு வாக்கியத்தைப் பிடிக்க, அதைப் பேசிய நேரத்தைவிடப் பல மடங்கு நேரம் எடுத்துக்கொண்டது. அது மெஷினின் குறை. இன்று உங்கள் பாக்கெட்டில் உள்ள போன் அதைத் தீர்த்துவிட்டது. மெஷினாலும் டேட்டா போதாததாலும் தோற்ற யோசனைகளைத் தூசி தட்டி எடுக்கலாம்.

மனிதர்களால் தோற்றவை வேறு ரகம். எண்பதுகளின் தொடக்கத்தில் பாரிஸில் ஒரு உலகக் கம்ப்யூட்டர் மையம் வந்தது. ஏழை நாடுகளுக்கும் கம்ப்யூட்டரைக் கொண்டுபோக வேண்டும் என்பது நோக்கம். எம்ஐடியின் நிக்கலஸ் நெக்ரோபாண்டி, சீமோர் பேப்பர்ட் எல்லாம் இருந்தார்கள். தலைமை விஞ்ஞானி ராஜ் ரெட்டி. அந்தப் பணிக்காக 1984ல் பிரெஞ்சு அதிபர் மித்தரான் அவருக்கு லெஜியன் ஆஃப் ஹானர் விருதைக் கொடுத்தார். ஆனால் நெக்ரோபாண்டியும் பேப்பர்ட்டும் சீக்கிரமே விலகியிருந்தார்கள். 1986ல் மையமே மூடப்பட்டது. அரசியல் ஆதரவில் நின்ற கட்டடம், அது போனதும் போனது.

மனிதர்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று பார்க்க, நம் சித்தூர் ஜில்லாவின் குப்பம் ஊருக்கு வாருங்கள். 2002ல் எச்பி நிறுவனமும் ஆந்திர அரசும் சேர்ந்து அங்கே ஐ-கம்யூனிட்டி என்ற மூன்று வருஷத் திட்டத்தைத் தொடங்கின. தகவல் மையங்கள், கிராமங்களுக்குக் கம்ப்யூட்டர் என்று பெரிய பேச்சு. எனக்கு அதில் பிடித்தது ஒரு சின்னப் பகுதி. சுய உதவிக் குழுப் பெண்கள் டிஜிட்டல் கேமராவும் சூரிய சக்தியில் ஓடும் சின்ன பிரிண்டரும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், அடையாள அட்டைக்கும் கல்யாணத்துக்கும் படம் எடுத்து அங்கேயே கையில் கொடுத்தார்கள். ஜனங்கள் காசு கொடுத்தது அதற்கு. திட்ட அறிக்கை எழுதியவர்களில் எத்தனை பேர் இதை முதல் பக்கத்தில் போட்டிருப்பார்கள்? உங்கள் அட்வைசரை ஒருநாள் குப்பத்துக்கே கூட்டிக்கொண்டு போங்கள். அந்தக் காலத்தில் வேலை பார்த்த பெண்கள் அகப்பட்டால் உட்கார்ந்து பேசுங்கள்.

6. அழுக்கு டேட்டாவை மறைக்காதீர்கள். பெரியவர் வருகிறார் என்றதும் நல்ல டெமோவாக நாலு பொறுக்கி வைப்பது நம் வழக்கம். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டை ஒழுங்குபடுத்துவது போல. அவருக்குப் பிரயோஜனம் தவறிய ஆடியோக்கள்தான். மெஷின் கோட்டைவிட்ட நூறு வாக்கியங்களை எடுத்துவைத்து அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

டேட்டா அழுக்கு எவ்வளவு பெரிய வேலையையும் கெடுக்கும். பத்து லட்சம் புத்தகங்களை ஸ்கேன் செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுப்பது என்று ராஜ் ரெட்டி முன்நின்று தொடங்கிய திட்டத்தில் சீனாவும் இந்தியாவும் பங்கெடுத்தன. இங்கே பெங்களூர் ஐஐஎஸ்சியின் பேராசிரியர் பாலகிருஷ்ணன் ஒருங்கிணைத்தார். திருமலை திருப்பதி தேவஸ்தானமும் ஸ்கேன் மையங்களில் ஒன்று. 2007ல் இலக்கைத் தாண்டிவிட்டார்கள். அபாரமான காரியம். ஆனால் அதில் தமிழ்ப் புத்தகம் தேடியவர்களுக்குத் தெரியும் அந்த வேதனை. தலைப்பெல்லாம் ரோமன் எழுத்தில், ஆளுக்கொரு விதமாக. 'கவிதைகள்' என்பதை ஒருவர் ககரம் போட்டு எழுதியிருப்பார், ஒருவர் ஹகரம் சேர்த்திருப்பார், ஒருவர் பாதியில் விட்டிருப்பார். புத்தகம் உள்ளே இருக்கும், அகப்படாது. பிறகு பதிப்புரிமைச் சிக்கலில் இந்தியத் தளமும் நின்றுபோனது. நகல்களை இன்டர்நெட் ஆர்க்கைவில் இன்னும் படிக்கலாம். ஸ்கேன் போட மெஷின் வாங்கியவர்கள் தலைப்பைச் சரியாக எழுதத் தமிழ் படித்த ஒருவரைக் கூடுதலாக வைத்திருக்கலாம். உங்கள் ஆடியோவுக்குப் பெயரிடும் வேலையை யாருக்கு, என்ன கூலிக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்று நல்ல அட்வைசர் கட்டாயம் கேட்பார். பதிலைத் தயாராக வையுங்கள்.

7. அவரிடம் முதலீட்டாளர் போன் நம்பரைக் கேட்பதைவிட ஆட்களைக் கேளுங்கள். முன்னோடியின் சொத்து அவருடைய மாணவர்கள். 2008ல் ஆந்திராவில் ராஜீவ் காந்தி அறிவுசார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது முதல் வேந்தர் ராஜ் ரெட்டி. பத்தாவது முடித்த கிராமத்துப் பிள்ளைகளை எடுத்து ஆறு வருஷம் அங்கேயே வைத்துப் படிக்கவைப்பது திட்டம். அதன் ஒரு வளாகம் கடப்பா மாவட்டத்து இடுபுலபாயாவில், நமக்கு அடுத்த மாவட்டம். ராயலசீமைப் பேச்சைக் காதால் கேட்டு வளர்ந்த, கம்ப்யூட்டரும் தெரிந்த பிள்ளைகள் அங்கே இருக்கும்போது நீங்கள் பெங்களூரில் ஆள் தேடுவது எனக்குப் புரியவில்லை.

8. பங்கு விஷயம். சும்மா வரச் சொல்லாதீர்கள். இலவச ஆலோசனைக்கு இரண்டு பக்கமும் மதிப்பிருக்காது. அட்வைசருக்குக் கால் சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம் வரை கொடுப்பது உலக வழக்கம். அதையும் ஒரேயடியாகக் கொடுக்காமல் இரண்டு வருஷத்தில் மாதாமாதம் சேரும்படி வைப்பார்கள். ஆனால் அமெரிக்க ஒப்பந்தத்தை டவுன்லோடு செய்து பெயரை மாற்றிக் கையெழுத்து வாங்காதீர்கள். நம் 2013 கம்பெனிச் சட்டப்படி ஈசாப் எனப்படும் ஊழியர் பங்குத் திட்டம் ஊழியர்களுக்கும் இயக்குநர்களுக்கும்தான், அதிலும் சுயேச்சை இயக்குநருக்குக் கிடையாது. உழைப்புக்கு ஈடாகக் கொடுக்கும் ஸ்வெட் ஈக்விட்டியும் அப்படியே. வெளியிலிருந்து ஆலோசனை சொல்பவர் இரண்டிலும் வர மாட்டார். அவருக்குப் பங்கு தர வேண்டுமென்றால் மதிப்பீடு போட்டு முறைப்படி ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் பங்கின் விலையேற்றத்தைப் பணமாகக் கொடுக்கும் ஒப்பந்தம் போட வேண்டும். கம்பெனி செக்ரட்டரி ஒருவரைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். வாய் வார்த்தையாக ஒரு சதவீதம் சொல்லிவிட்டுப் பிறகு சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று போய் நின்றால், அந்த மனிதர் உங்களை நம்புவது அன்றோடு சரி.

9. பணியில் இருக்கும் பேராசிரியர் என்றால் அவர் நிறுவனத்தின் அனுமதியைக் கேட்டு வாங்குங்கள். ஐஐடிகளில் வெளி ஆலோசனைக்குப் பொதுவாக வாரத்துக்கு ஒரு நாள் கணக்கு. அங்கே அவர் லேபில் பிறந்த யோசனை யாருடையது என்பதற்குத் தனி விதி உண்டு. சென்னையில் ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா இதற்கு ஒரு பாதை போட்டுக் காட்டினார். 2008ல் உமேஷ் சச்தேவும் ரவி சராவகியும் தொடங்கிய யூனிஃபோர் ஐஐடி மெட்ராஸின் இன்குபேஷனில் வளர்ந்ததுதான். அதுவும் குரல் கம்பெனி.

10. விஞ்ஞானத்துக்கு ஒரு ஆலோசகர், காசுக்கு ஒரு ஆலோசகர். இரண்டு பேரும் ஒருவராக இருக்க வேண்டாம்.

மேலே சொன்ன ஜேம்ஸ் பேக்கர் 1982ல் மனைவி ஜேனட்டோடு சேர்ந்து டிராகன் சிஸ்டம்ஸ் தொடங்கினார். 1997ல் வந்த நேச்சுரலி ஸ்பீக்கிங், சாதாரண வேகத்தில் பேசினால் கம்ப்யூட்டர் டைப் அடிக்கும் மென்பொருள். பேக்கருக்கு அந்தக் கணக்கில் உலகத்தில் யாரும் அட்வைஸ் சொல்லத் தேவையில்லை. 2000ல் பெல்ஜியத்தின் லெர்னவுட் அண்ட் ஹௌஸ்பி கம்பெனிக்கு விற்றார்கள். விலை சுமார் 58 கோடி டாலர், முழுவதும் அந்தக் கம்பெனியின் பங்காகவே. அதே வருஷம் வாங்கியவர்களின் கணக்கு மோசடி வெளியே வந்து கம்பெனி திவாலானது. பங்கு காகிதமானது. பேக்கர் தம்பதிக்கு அந்த விற்பனையில் ஆலோசனை சொன்னது கோல்ட்மேன் சாக்ஸ், கூலி 50 லட்சம் டாலர். வழக்குப் போட்டார்கள். 2013ல் ஜூரி கோல்ட்மேன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பதினெட்டு வருஷம் வளர்த்த பிள்ளையை இன்னொருவர் ஏலத்தில் எடுத்துப் போனார், அது வேறு கதை. சட்டப்படி யார் குற்றமும் இல்லை என்றே இருக்கட்டும். வாங்குகிறவன் கணக்குப் புத்தகத்தை யார் திறந்து பார்ப்பது என்று முன்பே எழுத்தில் இருந்ததா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் டாக்டர் பட்ட அட்வைசரை இதில் இழுக்காதீர்கள். அவருக்கும் தெரியாது, கேட்டால் மரியாதைக்கு ஏதாவது சொல்லிவைப்பார்.

11. திருமலை தரிசன விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நான் இந்த ஊர்க்காரனே இல்லை. ரேணிகுண்டா ஏர்போர்ட்டில் யார் இறங்கினாலும் விஐபி பிரேக் தரிசனத்துக்கு லெட்டர் தேடி ஓடுவது நம் பிள்ளைகளின் முதல் வேலை. மலைக்குப் போய்த் திரும்பினால் ஒரு பகல் போயிற்று. களைப்பில் சாப்பாடு, அப்புறம் விமானம். வந்தவருக்குப் புண்ணியம், உங்களுக்கு லட்டு. முதல் நாள் காலையில் வேலை, ஆலை வாசல், தவறிய ஆடியோ. மலை மறுநாள். பிரம்மோற்சவ சமயத்தில் கூப்பிடவே வேண்டாம், ரூமும் கிடைக்காது, காரும் கிடைக்காது.

12. மீட்டிங் முடிந்த அன்று இரவே ஒரு பக்கத்தில் எழுதி அவருக்கு மெயில் அனுப்புங்கள்: அவர் சொன்னது, நாங்கள் செய்யப்போவது, செய்யப்போவதில்லை என்று முடிவெடுத்தது, அதற்குக் காரணம். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். வாட்ஸ்ஆப்பில் கும்பிடும் இமோஜி அனுப்பி முடித்துக்கொள்ளாதீர்கள், தம்பி. ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் போன் போடுங்கள். அமெரிக்காவில் இருப்பவர் என்றால் நம் சாயங்கால நேரத்தில் போடுங்கள், அவருக்கு அப்போதுதான் விடிந்திருக்கும்.